அரை மில்லிமீட்டர் தேக்கு

எங்கள் சமையலறையில் சிங்க்கை ஒட்டியிருக்கும் அலமாரி ஷட்டரின் கீழ் விளிம்பில் ஒரு சின்ன வீக்கம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. விரலை வைத்து இடமிருந்து வலமாக இழுத்தால், கடைசி நான்கு அங்குலத்தில் மரம் லேசாக உப்பியிருப்பது தட்டுப்படும். வீட்டுக்கு வருகிறவர்கள் மேலே இருக்கும் ஷட்டர்களைத் தடவி, "தேக்கா? அழகா இருக்கே" என்பார்கள். நான் தலையாட்டிவிட்டு, அவர்கள் போனதும் குனிந்து அந்தக் கீழ் விளிம்பைத் தடவிப் பார்ப்பேன். சொத்தைப் பல்லை நாக்கு தேடிப் போவதுபோல.

அந்த இடத்தில் வெனீர், அதாவது பிளைவுட் மேல் ஒட்டும் மெல்லிய மரத்தாள், வேண்டாம் என்று ஆசாரி சொன்னார். நான்தான் கேட்கவில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால், திருவான்மியூரில் இருக்கும் எங்கள் பழைய ஃபிளாட்டின் சமையலறையை இடித்துக் கட்டினோம். அக்கம்பக்கத்தில் எல்லோரும் பளபளக்கும் மைக்கா போட்டிருந்தார்கள். எனக்கு மரம் வேண்டும் என்று ஆசை. முழுத் தேக்கில் ஷட்டர் செய்யக் கையில் காசு இல்லை. காசு இருந்திருந்தாலும் கடற்கரைக் காற்றில் அகலமான முழுப் பலகை மழைக்காலத்தில் உப்பும், வெயில் காலத்தில் சுருங்கும். அப்படித்தான் வெனீருக்கு வந்து சேர்ந்தேன்.

"ஏண்டி, இவ்ளோ காசு குடுத்து மரத்தோட தோலையா வாங்குவ?" என்றாள் அம்மா.

தோல் என்பது சரியான வார்த்தைதான். கட்டையை வெந்நீரிலோ நீராவியிலோ ஊறவைத்து, அது இளகியதும் நீளமான கத்தியால் மெல்லிய தாளாகச் சீவி எடுக்கிறார்கள். நேந்திரங்காய் வறுவலுக்குச் சீவுகிற அதே வேலை, அளவுதான் பெரியது. நம் கடைகளில் கிடைக்கும் தாளின் கனம் பொதுவாக அரை மில்லிமீட்டர் இருக்கும். ஓர் அங்குலப் பலகை கிடைக்கும் மரத்தில், கணக்குப்படி இப்படி 50 தாள் எடுக்கலாம். அந்தத் தாளைத் தொழிற்சாலையிலேயே 3 அல்லது 4 மில்லிமீட்டர் பிளைவுட்டில் ஒட்டி, 8 அடிக்கு 4 அடி ஷீட்டாக அனுப்புகிறார்கள். ஆசாரி அதை வாங்கி, ஷட்டருக்கான கனமான போர்டின் மேல் ஒட்டுவார்.

ஆனால் தோல் என்பதால் போலி ஆகிவிடாது. இதை அம்மாவுக்குப் புரியவைக்க எகிப்து வரை போக வேண்டியிருந்தது. 1922இல் திறக்கப்பட்ட தூத்தன்காமன் கல்லறையில் கிடைத்த பெட்டிகளிலேயே கருங்காலியையும் தந்தத்தையும் சீவி ஒட்டியிருக்கிறார்கள். மூவாயிரம் வருஷத்துக்கு மேலான வேலை. "அவன் ராஜா. அவன் வீட்ல யாரு பாத்திரம் தேய்ச்சா?" என்று அம்மா கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

போலி என்று பார்த்தால் மைக்காதான் போலி. நாம் மைக்கா என்று சொல்கிற ஷீட்டில் மைக்கா என்கிற கனிமமே கிடையாது. அழுத்தி இறுக்கிய காகிதமும் பிசினும்தான். 1913இல் அமெரிக்காவில் மின்காப்புக்கு மைக்காவுக்குப் பதிலாக ஒரு பொருள் செய்து, ‘மைக்காவுக்கு மாற்று’ என்ற அர்த்தத்தில் ஃபார்மைக்கா என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரின் வால்தான் நம் ஊர் ஆசாரி வாய் வரைக்கும் வந்திருக்கிறது. ஆனால் இந்தப் போலி சமையலறையில் நன்றாக உழைக்கும். அதை அப்புறம் சொல்கிறேன்.

ஷீட் பார்க்க ஆசாரியோடு சைடன்ஹாம்ஸ் சாலைக்குப் போனேன். கையில் கொடுக்கும் உள்ளங்கை அகலத் துண்டைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது என்று அவர் வண்டியிலேயே சொல்லிவிட்டார். கடைப் பையன் முழு ஷீட்டுகளை ஒவ்வொன்றாகச் சுவரில் சாய்த்து வைத்தான். பாலிஷ் போடாத தேக்கு வெனீர் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை, தூசி படிந்த அட்டை மாதிரி வெளிறிப் போய் நிற்கும். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அப்போது அவன் ஒரு ஸ்பாஞ்சை வாளியில் நனைத்து, பிழிந்து, ஷீட்டின் நடுவில் ஒரே இழுப்பாக இழுத்தான். ஈரம் பட்ட பட்டையில் மட்டும் தேன் நிறம் எழுந்து வந்தது, அதற்குள் கருப்புக் கோடுகள். பாலிஷ் போட்டால் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும் என்றான். நான் பார்த்துக்கொண்டே இருக்கும்போது ஓரத்திலிருந்து காய்ந்து மறுபடி அட்டை ஆனது. வெனீர் வாங்கப் போனால் இந்த ஸ்பாஞ்ச் வேலையைக் கேட்டு வாங்குங்கள்.

ஒரே தேக்கில் இரண்டு விதமான ரேகை இருந்தது. ஒன்றில் நடுவில் மலை மலையாக வளைவுகள் ஏறின. இன்னொன்றில் சீப்பு வைத்து வாரியதுபோல நேர்கோடுகள். கடையில் முதலாவதை கிரவுன் கட் என்றும் இரண்டாவதை குவார்ட்டர் கட் என்றும் சொன்னார்கள். மரம் ஒன்றுதான், கத்தி வைக்கும் கோணம்தான் வேறு. அகலமான வார்ட்ரோப் கதவுக்கு மலை வளைவு கம்பீரமாக இருக்கும். சமையலறையில் சின்னச் சின்ன ஷட்டர்கள், அதிலும் இழுப்பறை முகங்கள் ஆறு அங்குல உயரம். அந்த வளைவை அங்கே வெட்டினால் எந்த மலைக்கு எந்த அடிவாரம் என்று தெரியாது. நேர்கோடு எடுத்தேன். இந்த ஒரு முடிவில் மட்டும் இன்றுவரை எனக்கு வருத்தமே இல்லை.

ஈட்டி மரத்தில் இருக்கிறதா என்று ஆசைக்குக் கேட்டேன். ஈட்டி உள்ளிட்ட டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 ஜனவரியிலிருந்து சைட்டஸ் எனும், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்துக்கான பன்னாட்டு ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டது. நிஜ ஈட்டி எளிதில் கைக்கு வராது. அவர்கள் காட்டியது ‘ரீகான்’. சீக்கிரம் வளரும் வெளிர் மரத்தைத் தாளாக எடுத்து, சாயம் ஏற்றி, அடுக்கி ஒட்டிக் கட்டையாக்கி, அதை மறுபடி சீவியது. அதுவும் மரம்தான், ஏமாற்று ஒன்றும் இல்லை. எத்தனை ஷீட் வாங்கினாலும் நிறம் மாறாது, பெரிய வேலைகளுக்கு அது வசதி. எனக்கு என்னவோ, ஒரே கோடு திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்ததும் பிளாஸ்டிக் பூ ஞாபகம் வந்தது. வேண்டாம் என்றேன்.

இயற்கை வெனீரில் ஒரு சங்கடம் உண்டு. ஒரே கட்டையிலிருந்து அடுத்தடுத்து வந்த ஷீட்டுகளுக்குப் பின்னால் வரிசை எண் இருக்கும். அந்த வரிசையிலேயே எடுத்தால் நிறமும் ரேகையும் ஒத்துப்போகும். ஒன்று குறைகிறது என்று ஒரு மாசம் கழித்துப் போனால் அந்தக் கட்டை தீர்ந்திருக்கும். கணக்குக்கு ஆறு ஷீட் போதும் என்றாலும் ஏழு வாங்கச் சொன்னார் ஆசாரி. எனக்கு வயிறு எரிந்தது. ஏழாவது ஷீட்தான் பிறகு என் மானத்தைக் காப்பாற்றியது.

வீட்டுக்கு வந்ததும் அவர் ஒரு துண்டை எடுத்து, முகத்தைக் காட்டாமல் பக்கவாட்டில் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"இங்க பாருங்கம்மா. மேல கோடு மாதிரி தெரியுதா? அதான் தேக்கு. அதுக்குக் கீழ இருக்கிறது எல்லாம் வேற. தண்ணி மேல இருந்து வராது, இப்படி ஓரத்துலதான் ஏறும்."

அந்த ஒரு வாக்கியத்துக்கு அவருக்குத் தனியாகக் கூலி கொடுத்திருக்க வேண்டும். வெனீர் சாமான் வாங்குகிற நாம் முகத்தைத்தான் பார்க்கிறோம். அது கெடுவதெல்லாம் விளிம்பில். வெட்டிய ஓரத்தில் மரத்தின் அடுக்குகள் வாயைத் திறந்துகொண்டு நிற்கின்றன, ஈரம் அங்கேதான் குடிக்கப்படுகிறது.

அடியில் இருக்கும் போர்டு எதுவென்று கேட்பது அதனால்தான். மரத்தூளை அழுத்திய பார்ட்டிகிள் போர்டு தண்ணீர் பட்டால் ரஸ்க் மாதிரி ஊதிவிடும், ஊதியது திரும்ப அடங்காது. மரநாரை அழுத்திய எம்.டி.எஃப். வழவழப்பானது, பாலிஷ்காரர்களுக்குப் பிடிக்கும், ஆனால் சாதாரண ரகத்தின் ஓரம் நனைந்தால் அதற்கும் அதே கதி. பிளைவுட்டில் ஐ.எஸ். 303 என்ற இந்தியத் தர முத்திரை பொது உபயோகத்துக்கு. ஐ.எஸ். 710 என்பது மரைன் பிளை, 72 மணி நேரம் கொதிநீரில் போட்டும் ஒட்டு விடக் கூடாது என்பது அதற்கான சோதனை. நாங்கள் மேடைக்குக் கீழே 710, மேலே 303 போட்டோம். கடைக்காரர் வாயால் சொல்வதை நம்பாமல் ஷீட்டின் மேல் அச்சடித்த எண்ணைப் படியுங்கள்.

சிங்க்குக்குக் கீழே வெளிப்பக்கம் மைக்கா போடலாம், நிறம் மட்டும் ஒத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றார் ஆசாரி. வரிசை கெட்டுப் போகும், எல்லாம் தேக்காகவே இருக்கட்டும் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. "உங்க வீடு" என்ற அர்த்தத்தில் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

வெட்டுவதற்கு முன் எல்லா ஷீட்டையும் ஹாலில் பரப்பி, எந்தத் துண்டு எந்த ஷட்டர் என்று சாக்பீஸால் எண் போட்டோம். மேல் வரிசை ஷட்டரில் ஓடும் கோடு கீழ் வரிசையிலும் அதே இடத்தில் ஓட வேண்டும் என்றால் இதைத் தவிர வேறு வழி கிடையாது. ஷீட் வீணாகாமல் வெட்டுவதுதான் எந்த ஆசாரிக்கும் பழக்கம். நாம் முன்கூட்டியே சொல்லாவிட்டால் மிச்சம் பிடித்து நன்றாகத்தான் வெட்டுவார், கோடுகள் மட்டும் ஆளுக்கொரு திசையில் நிற்கும். ஓரங்களுக்குப் பிளாஸ்டிக் டேப் ஒட்டாமல் மெல்லிய தேக்கு ரீப்பர் பட்டை வைத்து அடைத்தார். வேலை அதிகம், ஆனால் ஏதாவது இடித்தாலும் பெயராது.

எல்லாம் நன்றாகப் போயிற்று என்று எழுத ஆசைதான். இரண்டு இடத்தில் சறுக்கியது.

ஒன்று என் கஞ்சத்தனம். மளிகை அலமாரிக்கு ஏழடி உயரக் கதவு. வெளியே 4 மில்லிமீட்டர் வெனீர் ஷீட், உள்ளே யார் பார்க்கப் போகிறார்கள் என்று 0.8 மில்லிமீட்டர் வெள்ளை மைக்கா. முதல் ஐப்பசி மழையிலேயே கதவு வில்லாக வளைந்தது. மேலே மூடினால் கீழே ஒரு விரல் நுழையும். இரண்டு பக்கமும் ஒரே கனத்தில் சட்டை போட வேண்டும், இல்லாவிட்டால் ஈரம் ஏறி இறங்கும்போது ஒரு பக்கம் இழுக்கும், மற்றது விட்டுக்கொடுக்கும். சின்ன ஷட்டர்கள் தாங்கின, உயரமான கதவு தாங்கவில்லை. ஏழாவது ஷீட்டில் பாதி அதற்கே போனது.

இன்னொன்று பாலிஷ். வெளியிலிருந்து அழைத்து வந்த ஒரு குழு, உப்புத்தாளைக் கையால் தேய்க்க நேரம் ஆகும் என்று மெஷினைக் கொண்டுவந்தது. அரை மில்லிமீட்டர் எத்தனை சின்ன அளவு என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். இழுப்பறை முகத்தின் மூலையில் மெஷின் இரண்டு நொடி கூடுதலாக நின்றது. தேன் நிறம் போய், நகக்கண் அளவுக்கு வெளிறிய பிளைவுட் எட்டிப் பார்த்தது. அதை மறுபடி ஒட்ட முடியாது. மெஷின் பிடித்த பையன் கலர் தொட்டு வைத்து மறைத்தான். பகலில் தெரியாது, டியூப்லைட் போட்டால் தெரியும். மூலைகளைக் கையால்தான் தேய்க்க வேண்டும், அதுவும் ரேகை ஓடும் திசையில். குறுக்கே தேய்த்த கீறல் அப்போது தெரியாது, சீலர் என்கிற அடிப்பூச்சு அடித்ததும் பளிச்சென்று எழுந்துவிடும்.

பாலிஷில் மெலமைன் மலிவு, பியூ எனும் பாலியூரித்தேன் விலை அதிகம். சமையலறைக்குப் பியூ போடுங்கள் என்பேன். நீரையும் எண்ணெயையும் அது அதிகம் தாங்கும். மரத்தின் துவாரங்கள் விரலுக்குத் தட்டுப்படுகிற மாதிரி ‘ஓப்பன் போர்’ பாலிஷ் இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். ஹாலில் அழகு. தாளிப்பு நடக்கிற இடத்தில் அந்தத் துவாரம் ஒவ்வொன்றிலும் எண்ணெய்ப் பிசுக்கு உட்கார்ந்துகொள்ளும், பல் குச்சியால்தான் எடுக்க வேண்டும். துவாரத்தை அடைத்து மேட் ஃபினிஷ் வாங்கினோம். ஷட்டரின் முகத்துக்கு அடித்த அதே கோட்டிங் அடி விளிம்புக்கும் மேல் விளிம்புக்கும் அடித்திருக்கிறதா என்று குனிந்து, ஏறி, தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத இடம் என்பதால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். எங்கள் சிங்க் ஷட்டரின் அடியில் விட்டிருந்தார்கள். நான் தடவிப் பார்க்கவில்லை. மேடையிலிருந்து வழிந்த தண்ணீர் முகத்தில் இறங்கி, அடி விளிம்பில் சொட்டாகத் தொங்கி நிற்கும். தினம் மூன்று வேளை, இரண்டு வருஷம். அந்த வீக்கத்தின் கதை அவ்வளவுதான்.

இனி பராமரிப்பு. இதைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் தேங்காய் எண்ணெய், ஆலிவ் எண்ணெய், எலுமிச்சைச் சாறு என்று ஒரு சமையல் குறிப்பே கொடுக்கிறார்கள். பியூ போட்ட மரத்துக்குள் எண்ணெய் இறங்காது. மேலே நின்று தூசியைப் பிடித்து வைக்கும், ஒரு வாரத்தில் கை ஒட்டும். நான் செய்வது இவ்வளவுதான்: பழைய பருத்தி வேட்டித் துணியை நனைத்து ஒட்டப் பிழிந்து, ரேகை ஓடும் பக்கமாகத் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றி எடுப்பது. அடுப்புப் பக்கத்தில் பிசுக்கு இருந்தால் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு. மஞ்சள் கறை பட்டால் பதறுவதில்லை. துடைத்துவிட்டு விட்டால், வெயில் படும் பக்கத்தில் இருப்பது சில நாளில் தானே மங்கிவிடும், வேட்டியில் பட்ட மஞ்சள் வெயிலில் போவதைப் போலத்தான்.

நிஜமான எதிரி கம்பி நார். ஒருநாள் இழுப்பறையின் மேல் விளிம்பில் மிளகு சிதறியதுபோலக் கருப்புப் புள்ளிகள். பூஞ்சை என்று நினைத்தேன். பாத்திரம் தேய்த்த கம்பி நாரின் தூள் ஈரத்தோடு விழுந்து, பாலிஷ் தேய்ந்திருந்த இடத்தில் துருப்பிடித்திருக்கிறது. இரும்பும், மரத்தில் இருக்கும் துவர்ப்புச் சத்தும், ஈரமும் சேர்ந்தால் மைக் கருப்பு வரும். கருப்பூர் கலம்காரிக்காரர்கள் கடுக்காயில் நனைத்த துணியின் மேல் இரும்புத்துருக் கரைசலால் வரைந்து கருப்பை வரவழைப்பதும் இந்த ரசாயனத்தால்தான். அங்கே கலை, என் இழுப்பறையில் கறை. ஆக்ஸாலிக் அமிலம் தொட்டு எடுக்கலாம் என்றார் ஆசாரி. அது விஷம், கையுறை போட்டு அவரே செய்தார். அன்றிலிருந்து வீட்டில் தேங்காய் நார்தான். ஈரமான தோசைக்கல்லை மரத்தின் மேல் சாய்த்து வைப்பதும் நின்றது.

அடுத்தது ஆவி. குக்கரை நாங்கள் சிம்னிக்கு நேர் கீழேதான் வைப்போம். ஓரத்து அடுப்பில் வைத்தால் விசில் நேராக மேல் ஷட்டரின் அடி விளிம்பில் அடிக்கும். இது தெரிவதற்கு முன்பே ஒரு ஷட்டரின் அடியில் எட்டணா அளவுக்கு ஒரு கொப்புளம் வந்துவிட்டது. தாளின் ஒட்டு விட்டு, அழுத்தினால் டொக் டொக் என்றது.

ஆசாரி வந்து கீலைக் கழற்றி, ஷட்டரைச் சாப்பாட்டு மேசையில் படுக்க வைத்தார். மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய ஊசி, சவரம் செய்யும் பிளேடு, வெள்ளைப் பசை. கொப்புளத்தின் மேல் ரேகை ஓடும் திசையில், ஒரு கருப்புக் கோட்டின் மேலேயே பிளேடை வைத்து ஒரு கீறு. குறுக்கே கீறினால் தழும்பு தெரியும் என்றார். ஊசியில் பசையை ஏற்றிக் கீறலுக்குள் செலுத்தி, கட்டைவிரலால் நீவி, பிதுங்கியதை ஈரத் துணியால் துடைத்தார். மேலே பிளாஸ்டிக் தாள், அதன் மேல் ஒரு பலகை. "கனமா ஏதாவது குடுங்க" என்றார். அம்மா உள்ளே போய் அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மறுநாள் காலை வரை அது மேசையில் கிடந்தது. இன்று அந்தக் கீறலை எனக்கே தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

வாடகை வீட்டிலோ, இரண்டு பேர் ஓடி ஓடிச் சமைக்கிற வீட்டிலோ இதெல்லாம் கட்டுப்படியாகாது. மைக்காவே போடுங்கள். வெனீர்தான் வேண்டும் என்றால் மேல் வரிசைக்கும் மளிகை அலமாரிக்கும் போடுங்கள், மேடைக்குக் கீழே ஈரம் புழங்குகிற இடத்துக்கு ஆசாரி சொல்வதைக் கேளுங்கள். மிஞ்சிய துண்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். எங்கள் பரணில் ஏழாவது ஷீட்டின் மிச்சம், எண்ணோடு, பழைய புடவையில் சுற்றி வைத்திருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. தேக்கு வெளிச்சம் பட்டுப் பட்டு நிறம் மாறும். தேன் நிறம் மெதுவாக ஆழமாகிறது, அது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் புது மரத்தில் எதையும் நிரந்தரமாக மாட்டாதீர்கள் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. முதல் வருஷம் அம்மா நாள்காட்டியை மளிகை அலமாரிக் கதவில் மாட்டியிருந்தாள். டிசம்பரில் எடுத்துப் பார்த்தால், அட்டை இருந்த இடம் மட்டும் வேறு நிறத்தில், சட்டம் போட்டதுபோல ஒரு செவ்வகம். அடுத்த வருஷத்திலிருந்து நாள்காட்டியை ஃபிரிட்ஜுக்குப் பக்கத்துச் சுவரில் ஆணியடித்து மாட்டினோம். செவ்வகம் வருஷா வருஷம் மங்கிக்கொண்டு வருகிறது. ராகுகாலம் பார்க்க வேண்டுமென்றால் அம்மா இன்னமும் முதலில் அந்தக் கதவுக்கு முன்னால்தான் போய் நிற்கிறாள், அப்புறம்தான் சுவர்ப் பக்கம் திரும்புகிறாள்.